இடது கை நகம்

எங்கள் வீட்டுக்காரர் ஈஸ்வரபாண்டிக்கு வலது கையில் நகம் இருக்கும், இடது கையில் இருக்காது. சின்னமனூரில் இதைப் பற்றிப் பேசாத வாய் கிடையாது. தேனிக்கும் குமுளிக்கும் ஓடுகிற தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டர். டிக்கெட் கிழிக்கிற கையில் பொம்பளை மாதிரி நகம் வளர்த்திருந்தால் ஜனம் சும்மா இருக்குமா? "என்ன கண்டக்டரே, மருதாணி வைக்கலையா?" என்று படியில் தொங்குகிற பயல்கள்கூடக் கேட்பார்கள். அந்த நகம் உடையாமல் இருக்க நிறமில்லாத நகப்பூச்சு வேறு. அதை ஃபேன்சி ஸ்டோரில் வாங்கி வருகிறவள் நான். கடைக்காரி என்னை மேலும் கீழும் பார்ப்பாள். பார்த்துவிட்டுப் போகட்டும், ஊர் வாயை உலைமூடி கொண்டா மூட முடியும்?

எல்லாம் கிடாருக்காக. சினிமாவில் தோளில் மாட்டிக்கொண்டு ஆடுவார்களே, அது இல்லை. இது உட்கார்ந்து வாசிக்கிற கிளாசிக்கல் கிடார். நைலான் கம்பி. இடது காலை உயரமாக எதன்மேலாவது வைத்துக்கொண்டு, எதிரே நோட்டை விரித்துவைத்து, எழுதியதை எழுதியபடி வாசிக்க வேண்டும். வலது கை நகத்தால் மீட்ட வேண்டும், இடது கை விரல் நுனிச் சதையால் கம்பியை அழுத்த வேண்டும். இடது கையில் ஒரு நெல் அளவு நகம் வளர்ந்தாலும் சதை கம்பியில் படாது, சத்தம் செத்துவிடும். எனக்கு சங்கீதம் மண்ணளவும் தெரியாது. இது மட்டும் தெரியும்.

1998-ல் ஆரம்பித்தது இந்தப் பைத்தியம். தேனிப் பக்கத்து விடுதிப் பள்ளியில் பாட்டு வாத்தியாராக இருந்த இம்மானுவேல் ஞாயிற்றுக்கிழமை தோறும் இவர் பஸ்ஸில் ஏறுவான். இருபத்து நாலு வயசுப் பையன். கையில் பெரிய கறுப்புப் பெட்டி. இவர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கேட்டிருக்கிறார். அவன் தர மாட்டேன் என்றிருக்கிறான். வாரா வாரம் இதே சண்டை. ஒரு நாள் உத்தமபாளையம் தாண்டி டயர் பஞ்சர். டிரைவர் டயரை மாற்றிக்கொண்டிருக்க, "இது லக்கேஜா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க சார்" என்று அவன் புளியமரத்தடியில் உட்கார்ந்து வாசித்துக் காட்டியிருக்கிறான். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. "ஒரே ஆளு ராசாத்தி. ஆனா ரெண்டு பேர் பேசுற மாதிரி இருந்துச்சு" என்றார். முப்பத்தாறு வயசு ஆளுக்கு, பன்னிரண்டு வயசு இளைய வாத்தியார். அவனுடைய பழைய கிடாரே இவருக்குக் கிடைத்தது.

எட்டு வருஷம். நாள் முழுக்கப் பஸ்ஸில் நின்றுவிட்டு வருவார். கால் இரண்டும் வீங்கி இருக்கும். கால் வைக்கிற மணை வாங்க வக்கில்லை, திராட்சைப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதில் இடது காலை வைப்பார். வலது காலுக்குக் கல் உப்புப் போட்ட வெந்நீர் வாளி நான் கொண்டுவந்து வைப்பேன். பெட்டியில் ஒரு கால், வாளியில் ஒரு கால். அந்தக் கோலத்தில் ஒரே வரியை நாற்பது தடவை. எங்கள் மகள் பிச்சையம்மாள், "யம்மா, இது பாட்டா, வாய்ப்பாடா?" என்பாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு சினிமாப் பாட்டாவது வாசிக்கச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்கள். இவருக்கு இருந்தது ஒரே ஆசை. லண்டனிலிருந்து ஆள் வந்து நடத்துகிற பரீட்சையில் அஞ்சாம் கிரேடு வாசிக்க வேண்டும். விஷயம் தெரிந்த ஓர் ஆள் முன்னால் ஒரே ஒரு தடவை சுத்தமாக வாசிக்க வேண்டும். காசா பணமா, இதைக்கூட ஆசைப்படக் கூடாதா என்பார்.

கூடாது என்று யார் சொன்னது? அந்தப் பரீட்சை வருஷா வருஷம் கார்த்திகையில்தான் வரும். கார்த்திகை ஒன்றாம் தேதி இவர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பார். மாலை போட்டவர்கள் மலைக்குப் போய் வரும்வரை முடி வெட்டக்கூடாது, முகம் மழிக்கக்கூடாது, நகமும் வெட்டக்கூடாது.

அந்த மாலைக்குக் காரணம் நான். 1989-ல் பிச்சையம்மாள் ஏழாம் மாசத்திலேயே பிறந்துவிட்டாள். பெரியகுளம் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்துக்குக் கிடந்தாள். டாக்டர் கையை விரித்துவிட்டார். நான் வராந்தாவில் நின்று, "ஐயப்பா, இந்தப் பிள்ளையைப் பிச்சை போடு, எங்க வீட்டுக்காரர் விடாமல் பதினெட்டு வருஷம் உன் மலைக்கு வருவார்" என்று வாய்விட்டு வேண்டிவிட்டேன். வேண்டியது நான், நடந்தது அவர். பிள்ளை பிழைத்தது. பிச்சையாகக் கிடைத்ததால் பிச்சையம்மாள். பள்ளிக்கூடத்தில் அந்தப் பேருக்காக அவள் அழாத நாள் கிடையாது, அது வேறு கதை.

2003-ல் முதல் தடவை மதுரைக்குப் போய்ப் பரீட்சை எழுதினார். எழுதினார் என்ன, வாசித்தார். தோற்றுவிட்டார். கொடுத்த தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று இம்மானுவேல் படித்துச் சொன்னான். இடது கை நகம் நீளமாம், நகத்தைக் கவனிக்கவும் என்று போட்டிருந்ததாம். லண்டன்காரனுக்கு நகம் தெரிந்தது, மாலை தெரியவில்லை. அடுத்த வருஷமும் அதே கார்த்திகை, அதே நகம், அதே தாள். இவர் மலைக்குப் போகிற கோஷ்டியின் குருசாமி ராக்கப்பன். பதினைந்து நாள் பிந்தி மாலை போட்டுக்கொள்ளலாமா என்று அவரிடம் கேட்டுப் பார்த்தார். "வேண்டுதல் ஒரு மண்டலத்துக்கு சாமி. கூட்டிக் குறைக்க இது என்ன சம்பளமா?" என்று அவர் ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

2005-ல் நான்தான் ஒரு யோசனை சொன்னேன். வெட்டத்தானே கூடாது, வேலை செய்யும்போது தானாகத் தேய்ந்தால் யார் என்ன சொல்ல முடியும்? அந்தக் கார்த்திகை முழுக்க வீட்டு வேலை அவருடைய இடது கைக்குத்தான். ஆட்டுரலில் மாவு ஆட்டினார். செங்கல் பொடி போட்டுத் தொட்டியைத் தேய்த்தார். வாசல்படியைத் தேய்த்தார். இடுப்பில் கறுப்பு வேட்டி, கழுத்தில் மாலை, சரண கோஷம் போட்டுக்கொண்டே தொட்டி கழுவுகிற சாமியைத் தெருவே நின்று பார்த்தது. நகம் தேயவில்லை. விரல் நுனித் தோல்தான் உரிந்தது. ரத்தக் கசிவோடு போய் வாசித்துவிட்டு மூன்றாவது தாளையும் வாங்கி வந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அடுத்தது 2006. பதினெட்டாம் வருஷம். பதினெட்டாம் வருஷம் போகிற சாமி தென்னங்கன்று கொண்டுபோய் மலையில் நட வேண்டும். ஐப்பசியிலேயே கன்று வாங்கி வாசலில் வைத்துவிட்டோம். அந்த வருஷம் டிசம்பரோடு இம்மானுவேல் கல்யாணமாகி பெங்களூர் போகிறான். "இதான் சார் கடைசி. இனிமே நான் இல்லாம நீங்க தயார் பண்ண முடியாது. நகம் மட்டும் சரியா இருந்தா எப்பவோ பாஸ் சார்" என்று சொல்லிவிட்டான். ஒரு பக்கம் கன்று, ஒரு பக்கம் கிடார். இவர் எதையும் வெளியே சொல்கிற ஆள் இல்லை. காலையில் நாலு மணிக்குப் பச்சைத்தண்ணீரில் குளிப்பார், பூஜை செய்வார், பஸ்ஸுக்குப் போவார், வருவார், வளர்ந்த நகத்தோடு வாசிப்பார். ஒரே இடத்தில் மூன்று தடவை சத்தம் செத்து நிற்கும். கிடாரைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் படுத்துக்கொள்வார். எனக்கும் உடம்பு ஓய்ந்துபோயிருந்தது. தனிச் சமையல், தனிப் பாத்திரம், தனித் துணி. சாமி சாமி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, புருஷன் பேரே மறந்துபோகிற நிலைமை.

பரீட்சை சனிக்கிழமை. அந்த வாரம் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வீட்டுப் போன் அடித்தது. கடமலைக்குண்டிலிருந்து. இவருடைய பங்காளி வகையில் சித்தப்பா அம்மாவாசி விடியக்காலம் தவறிவிட்டார். எண்பது வயசு, கல்யாணச் சாவுதான். "சாயங்காலம் எடுக்குறாக. கண்டக்டர்ட்ட சொல்லிருங்க மதினி" என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

போனை வைத்தவள் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். பங்காளி வீட்டுச் சாவு தீட்டு. தீட்டு வந்தால் மாலையைக் கழற்ற வேண்டும், அந்த வருஷம் மலைக்குப் போகக் கூடாது. மாலையைக் கழற்றினால் நகம் வெட்டலாம். இது ஒன்று. இன்னொன்று, போன வருஷம் பம்பாயில் பெரியம்மா செத்த சேதி ஒரு சாமிக்கு மலையேறி இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அப்போது ராக்கப்பன் எல்லாரும் கேட்கச் சொன்னார், "எழவுச் சேதி காதுல விழுகுற வரைக்கும் தீட்டு இல்ல சாமி. விழுந்த நிமிசம் மாலை கழத்திரணும்." அதாவது நான் வாயைத் திறக்காவிட்டால் இவர் பதினெட்டாம் மலை ஏறுவார், என் பிள்ளை மேல் இருந்த வேண்டுதல் தீரும், கிடார் அதோடு முடியும். வாயைத் திறந்தால் கிடார் பிழைக்கும், பதினேழோடு வேண்டுதல் அறும். அறுந்தால் பிச்சையம்மாளுக்கு என்ன ஆகும்? வேண்டியவள் நான். அன்றைக்கு என் நாக்கில் இரண்டும் இருந்தது.

விரதக்காரர் கடையில் சாப்பிட மாட்டார். மத்தியானம் பஸ் சின்னமனூரில் நிற்கிற அஞ்சு நிமிஷத்தில் நான்தான் தூக்குவாளி கொண்டுபோய்க் கொடுப்பேன். அன்றைக்கும் போனேன். படியிலிருந்து இறங்கி வாங்கினார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

"வேற எதுவும் சேதி உண்டா?" என்றார்.

"ஒண்ணுமில்ல சாமி. ரசம் சூடா இருக்கு, பாத்துக் குடிங்க."

அவர் நகரவில்லை. "வேற ஒண்ணுமில்லயா?" என்று இன்னொரு தடவை கேட்டார். நான் தலையை ஆட்டினேன். டிரைவர் ஆரன் அடித்தார். ஏறிப் போய்விட்டார்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. அந்த பஸ் ஸ்டாண்டு சிமெண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். இடது கையால் தொட்டி தேய்த்தது ஞாபகம் வந்தது. வாளிக்குள் கிடந்த கால் ஞாபகம் வந்தது. பதினேழு வருஷம் இவர் ஒரு நாள், "நீ பாட்டுக்கு வேண்டிட்ட" என்று என்னைக் கேட்டதில்லை. மூன்று மணிக்கு பஸ் குமுளியிலிருந்து திரும்பி வந்தது. ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

"சாமி, இறங்குங்க. கடமலைக்குண்டு சித்தப்பா போயிட்டாக."

அவர் ஏன், எப்போது என்று ஒன்றுமே கேட்கவில்லை. தோள் பையைக் கழற்றி டிரைவரிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். பிள்ளையார் கோயிலில் ராக்கப்பன் வந்து மாலையைக் கழற்றினார். இவர் வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டார். "சாமி குத்தம் ஒண்ணுமில்லப்பா, எழவு யார் கையில இருக்கு?" என்று ராக்கப்பன் முதுகைத் தட்டினார். நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றேன். எழவு என் கையில்தான் இருந்தது என்று அவருக்குத் தெரியாதே.

கடமலைக்குண்டு போய்த் தூக்குவதற்குள் முகம் பார்த்துவிட்டோம். மறுநாள் காலை இவர் வாசலில் தென்னங்கன்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இடது கை நகத்தை வெட்டினார். எங்கள் வீட்டில் நகம் வெட்டுவது பிளேடால்தான். அன்று அவர் கையில் பளபளவென்று புது நகவெட்டி. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்க வாய் வந்தது. எழவு வீட்டுக்குப் போய் வந்த அலுப்பில் விட்டுவிட்டேன்.

தீட்டோடு கிடார் வாசிக்கலாமா என்று என் நாத்தனார் வீட்டில் முணுமுணுத்தார்கள். "எழவு வீட்டுல கொட்டு அடிக்கலையா? அது சங்கீதம் இல்லையாக்கும்?" என்று ஒரு போடு போட்டேன், அடங்கினார்கள்.

சனிக்கிழமை நானும் மதுரைக்குப் போனேன். ஒரு பள்ளிக்கூடத்து மாடி. பரீட்சைக்கு வந்ததெல்லாம் காரில் வந்த வாண்டுகள். ஒரு பொடிசு இவரைப் பார்த்து, "அங்கிள், உங்க பையன் எந்த கிரேடு?" என்று கேட்டது. இவர், "நாந்தாம்மா பையன்" என்றார். பேர் கூப்பிட்டார்கள். உள்ளே போனார், கதவைச் சாத்தினார்கள்.

வெளியே பெஞ்சில் நானும் இம்மானுவேலும். எனக்கு ராகம் தெரியாது, தாளம் தெரியாது. ஆனால் எட்டு வருஷமாக வெந்நீர் வாளியோடு நின்று கேட்டவள். அந்த வாசிப்பில் சத்தம் சாகிற மூன்று இடமும் எனக்கு மனப்பாடம். முதல் இடம் வந்தது. சாகவில்லை. இரண்டாவது இடத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதுவும் தாண்டியது. மூன்றாவது இடத்தில் ஒரு சின்னத் தயக்கம் தெரிந்தது, பிறகு கம்பி மணி மாதிரி விழுந்தது. இரண்டு பேர் பேசுகிற மாதிரி இருந்தது என்று எட்டு வருஷத்துக்கு முன்னால் சொன்னாரே, அன்றைக்குத்தான் எனக்கும் அந்த இரண்டு பேர் கேட்டார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவ்வளவு ஜனத்துக்கு நடுவே பொங்கிப் பொங்கி அழுதேன். வெளியே வந்தவர் "வந்துருச்சு" என்றார். எது என்றேன். "சத்தம்" என்றார். பாஸ் ஆன தாள் தபாலில் ஒரு மாசம் கழித்து வந்தது.

கதை இதோடு முடிந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். அடுத்த வருஷம் அவர் மாலை போடவில்லை. "விட்டது விட்டதுதான்" என்று ஒரே வார்த்தை. அதற்குப் பிறகு இந்த வீட்டில் பிச்சையம்மாள் ஒரு தும்மல் போட்டாலும் எனக்கு ஈரக்குலை நடுங்கும். 2008-ல் அவளுக்கு மஞ்சள்காமாலை வந்தது. நர்சிங் படிக்கிற பிள்ளை, மருந்து எடுத்துச் சரியாகிவிட்டது. ஆனால் அந்தப் பத்து நாளும் நான் செத்துப் பிழைத்தேன். நான் வாயைத் திறந்ததற்குத்தான் இந்தத் தண்டனை என்று நினைத்தேன். அவருக்குப் பதில் நான் கார்த்திகை முழுக்கக் கவுச்சி தொடாமல், செருப்புப் போடாமல், பச்சைத்தண்ணீரில் குளித்து விரதம் இருந்தேன். 2007, 2008, 2009. மலைக்குப் போகிற வயசு எனக்கு இன்னும் ஆகவில்லை, அதனால் மலைக்குப் போகாமல் நின்ற தென்னங்கன்றைப் பின்கட்டில் நட்டு அதைத்தான் சுற்றி வந்தேன். அவரிடம் காரணம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

இந்த வருஷமும், 2010, விரதம்தான். கார்த்திகை பதினெட்டாம் தேதி கடமலைக்குண்டிலிருந்து கர்ணன் பத்திரிகை வைக்க வந்தான். அம்மாவாசி சித்தப்பாவின் பேரன். காப்பி கொடுத்தேன். தாத்தா பேச்சு வந்தது.

"தாத்தா செத்தன்னைக்கு கம்பம் பக்கம் எழவு சொல்ல என்னையத்தான் அனுப்புனாக சித்தி. மொத பஸ்ஸு சித்தப்பா பஸ்ஸுதான். ஏறுனதும் அவர்ட்டதான் மொதல்ல சொன்னேன். டிக்கெட்டுக்குக்கூட காசு வாங்கல. வீட்டுல நானே சொல்லிக்கிறேன், நீ சின்னமனூர்ல இறங்க வேணாம்னுட்டாரு."

"மொத பஸ்ஸுன்னா, எத்தன மணிக்குடா?"

"ஏழு இருக்கும் சித்தி."

எனக்குப் போன் வந்தது ஒன்பதுக்கு. கர்ணன் போன பிறகு நான் செருப்பை மாட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். மூன்று வருஷமாகக் கார்த்திகையில் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதவள். நல்ல நெத்திலிக் கருவாடாகப் பார்த்து வாங்கினேன். கழுவின தண்ணீரைக் கொண்டுபோய்த் தென்னை மூட்டில் ஊற்றினேன். கத்தரிக்காய், மாங்காய் போட்டுக் குழம்பு கொதித்தபோது தெருவே மணத்தது.

அவர் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். "என்ன ராசாத்தி, கார்த்திகையில கருவாடு?"

"கர்ணன் வந்துட்டுப் போறான்" என்றேன்.

பையை ஆணியில் மாட்டப் போன கை அப்படியே நின்றது. திராட்சைப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கரண்டியோடு போய் முன்னால் நின்றேன்.

"காலையில ஏழு மணிக்குத் தெரிஞ்சத மத்தியானம் வரைக்கும் வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு, வேற சேதி உண்டா வேற சேதி உண்டான்னு என்னையக் கேட்டீகளா? மனுசனா நீங்க? அந்த நகவெட்டி?"

"குமுளியில வாங்குனேன். ரெண்டாவது நடையில." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நானாக் கழட்டுனா நகத்துக்காகக் கழட்டுனதா ஆயிரும் ராசாத்தி. நீ சொல்லிக் கழட்டுனா எழவுக்காகன்னு இருக்கும். வேண்டுனவ நீ. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

"நாலு வருசமா நான் தூங்கல, தெரியுமா?"

"நானுந்தான்."

கரண்டியைக் கீழே வைத்தேன். பாவி மனுசன், மூன்று வருஷம் நான் பச்சைத்தண்ணீரில் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். அறையலாமா என்று இருந்தது. ஆனால் அவர் சொன்னதைக் கேட்டதும், இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொள்ளாத ஒன்று வாயில் வந்துவிட்டது.

"நானும் நகத்துக்காகத்தான் சொன்னேன்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண் நிறைந்திருந்தது. எனக்கும்தான். பிறகு நான் தட்டு வைத்தேன். அவர் எழுந்து கை கழுவி உட்கார்ந்தார். வலது கை நகத்தில் குழம்பு ஏறாமல் ஒதுக்கி ஒதுக்கிச் சாப்பிடுவது அவர் வழக்கம். அன்றைக்கு அதைக்கூடப் பார்க்கவில்லை, வழித்துச் சாப்பிட்டார். உப்பு கொஞ்சம் தூக்கல்தான். அப்படியும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார்.